கலெக்டரை நேர்ல பார்க்க டைம் கேட்டு லெட்டர் எழுதணும், எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல

ஏரிக்கரை_பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதறேன், பொறுத்துக்கோங்க. எங்க ஊர்ல ஒரு ஏரி இருக்கு, பேருக்குத்தான் ஏரி, முழுக்க சீமைக்கருவேலம், ஆடு கூட உள்ள நுழையாது. வெளியூர்ல வேலை பார்க்கற பசங்க ஒரு இருபது பேர் சேர்ந்து ரெண்டு வருஷமா காசு சேர்த்து வச்சிருக்கோம், ஊர்லயே ஒருத்தர் ஜேசிபி வச்சிருக்காரு, டீசல் மட்டும் ஊத்துங்கடா வாடகை வேணாம்னு சொல்லிட்டாரு. ஆனா அனுமதி இல்லாம ஒரு கூடை மண்ணு கூட அள்ள முடியாது இல்லையா, அதுக்காக திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல ரெண்டு தடவ மனு குடுத்தோம். வரிசையில நின்னு, கம்ப்யூட்டர்ல ஏத்தி, நம்பர் போட்ட சீட்டு வாங்கி உள்ள போனா நமக்கு கிடைக்கறது ஒரு நிமிஷம். வாங்கி பக்கத்துல இருக்கற அதிகாரி கிட்ட குடுத்துடறாங்க. ஒரு மாசம் கழிச்சு பார்த்தா "அறிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது"ன்னு இருக்கு. ரெண்டாவது மனுவுக்கும் அதே வரி.

அதான் நேர்லயே பத்து நிமிஷம் டைம் கேட்டு, மேப் எல்லாம் காட்டி பேசலாம்னு முடிவு பண்ணோம். லெட்டர் எழுதற வேலை என் தலையில விழுந்துச்சு. நான் ஆபீஸ்ல நாள் பூரா இங்கிலீஷ்ல மெயில் தட்டறவன், தமிழ்ல கடைசியா லெட்டர் எழுதினது பத்தாவது பரீட்சையில, அதுவும் மதிப்பெண்ணுக்காக. உட்கார்ந்தா "அனுப்புநர்"க்கு மேல கை நகர மாட்டேங்குது.

நான் முழிக்கறதைப் பார்த்துட்டு எங்க குழுத் தலைவர், எனக்கு பெரியப்பா முறை, அவரே ஒண்ணு எழுதி போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. அதுல பாதி இங்க போடறேன்:

"மாண்புமிகு, மனிதநேயமிக்க, ஏழைகளின் விடிவெள்ளி, எங்கள் மாவட்டத்தின் காவல் தெய்வம் உயர்திரு மாவட்ட ஆட்சியர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் பாதம் பணிந்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். ஐயா, எங்கள் ஏரியானது எங்கள் முப்பாட்டனார் காலத்தில்..."

இதுக்கு அப்புறம் ஒன்றரை பக்கம் ஏரியோட வரலாறு. கடைசி வரி என்னன்னா "பதினைந்து நாட்களுக்குள் நேரம் ஒதுக்காத பட்சத்தில் சாலை மறியலில் ஈடுபடுவோம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்". காலைப் பிடிக்கறாரு, அப்படியே வாரியும் விடறாரு. கேட்டா "கெஞ்சினாத்தான்டா திரும்பிப் பார்ப்பாங்க, மிரட்டினாத்தான்டா வேலை நடக்கும்"ங்கறாரு. இதுல இன்னொரு கூத்து, எங்க கலெக்டர் மாறி ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப இருக்கறது ஒரு அம்மா.

யாராவது இந்த மாதிரி டைம் கேட்டு எழுதி நிஜமாவே கிடைச்சிருக்கா? மரியாதை எவ்வளவு போடணும், என்ன வார்த்தை போடணும், யார்கிட்ட குடுக்கணும்?

பழைய_சிரஸ்தார்:

தம்பி, நான் வருவாய்த்துறையில 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், அதுல பெரும்பகுதி கலெக்டர் ஆபீஸ் பிரிவுகள்லதான். உங்க பெரியப்பா எழுதின மாதிரி ஆயிரம் கடுதாசி பிரிச்சிருக்கேன். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர் தலைமுறைக்கு மனுன்னா அப்படித்தான். எங்க தாத்தா காலத்துல "ம-ள-ள-ஸ்ரீ"ன்னு ஆரம்பிப்பாங்க, மகாராஜராஜஸ்ரீங்கறதோட சுருக்கம், அந்த "சமூகத்திற்கு"ங்கறது எல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

நீ முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, உன் லெட்டரை முதல்ல படிக்கறது கலெக்டர் இல்ல. தபால்ல பிரிச்சு தேதி முத்திரை குத்தி, பொருள் என்னன்னு பார்த்து எந்தப் பிரிவுக்குப் போகணும்னு ஓரத்துல குறிப்பாங்க. காலையில ஒரு கட்டு தபாலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறவர் "பொருள்:"னு இருக்கற ஒரு வரியத்தான் படிப்பாரு, உன் முப்பாட்டனாரை எல்லாம் படிக்க மாட்டாரு. அந்த வரியில "ஏரி தூர்வாருதல்"னு இருந்தா ஏரி பார்க்கற பிரிவுக்குப் போகும், அங்க ஒரு ந.க. எண், அதாவது கோப்பு நம்பர் விழும், தாசில்தாருக்கு "அறிக்கை அனுப்பவும்"னு போகும், தாசில்தார் ஆர்.ஐ.க்கு, அதாவது வருவாய் ஆய்வாளருக்கு, ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வுக்கு. உன் ரெண்டு மனுவும் இறங்கின படிக்கட்டு இதுதான், இன்னும் ஏறி வரல. இப்ப நீ எழுதப்போற லெட்டர்லயும் ஏரிக் கதையை முழுசா எழுதினா அதுவும் மூணாவது மனு ஆயிடும், அதே படிக்கட்டுல இறங்கும். இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. நேரம் கேக்கற லெட்டர் வேற, மனு வேற. நேரம் கேக்கற லெட்டர்ல நேரத்தை மட்டும் கேளு. பொருள் வரியிலேயே "நேரில் சந்திக்க நேரம் கோருதல்"னு வந்துடணும், அப்பத்தான் அது பிரிவுக்குப் போகாம கலெக்டரோட நேர்முக உதவியாளர் பக்கமோ முகாம் எழுத்தர் பக்கமோ திரும்பும்.

அதனால தபால்ல போடாதே. நேர்ல போய் நேர்முக உதவியாளர் (பொது), நாங்க பி.ஏ.ஜின்னு சொல்வோம், அவர் கிட்ட குடு. இன்னொரு நகல்ல முத்திரை வாங்கிக்க. திங்கக்கிழமை போகவே போகாதே, அன்னிக்கு குறைதீர் கூட்டம், ஆபீஸ்ல நிக்க இடம் இருக்காது.

மரியாதைச் சொல்லு பத்தி. மாண்புமிகுங்கறது அமைச்சர், நீதிபதி மாதிரி ஆளுங்களுக்கு. கலெக்டருக்கு "உயர்திரு" போதும், இல்லேன்னா "மதிப்பிற்குரிய". ரெண்டும் சேர்த்துப் போட்டா டபுள் மரியாதை ஆகிடாது. பெயர் போட்டா பின்னால இ.ஆ.ப. போடணும், ஆனா என்னைக் கேட்டா பெயரே வேண்டாம், பதவியை மட்டும் போடு. மாறுதல் உத்தரவு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, நீ பெயர் போட்டு எழுதி அவங்க மாறிப் போயிட்டா அசிங்கம். விளிக்கறதுக்கு "அம்மையீர்"னு போடு. "அம்மா"ன்னு எழுதறவங்களும் உண்டு, தப்பில்ல, நம்ம ஊர்ல அந்தச் சொல்லுக்கு வேற வாசனை எல்லாம் இருக்கறதால நான் அம்மையீர்னே எழுதச் சொல்வேன்.

மறியல் வரியை எடுத்துடு. அந்த வரி இருந்தா லெட்டர் வேற மேசைக்குப் போயிடும், அதுக்கு மேல சொல்லணுமா?

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன், ஏஐ கிட்ட குடுங்க எழுதித் தந்துடும்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

சரி நானே குடுத்துப் பார்த்தேன். "இந்தக் கடிதம் தங்களை நலமுடன் கண்டடையும் என்று நம்புகிறேன்"னு ஆரம்பிச்சுது. கலெக்டர் என்ன காணாமப் போயிட்டாங்களா கண்டடையறதுக்கு. நான் கிளம்பறேன், சிரஸ்தார் ஐயா சொல்றதையே கேளுங்க.

வைகைக்கரை_வாசுகி:

தம்பி நான் மதுரைப் பக்கம். நாங்க பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நூலகம் நடத்துறோம், பஞ்சாயத்துக் கட்டடம் ஒண்ணு பூட்டியே கெடந்துச்சு, அதைக் கேக்குறதுக்காக இதே மாதிரி டைம் கேட்டு எழுதுனேன், பதினெட்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு. அதனால கெடைக்காதுன்னு நெனைக்காதீங்க.

நான் பண்ணுன தப்பைச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. லெட்டர்ல எத்தனை பேர் வர்றோம்னு நான் எழுதவே இல்ல. பதினோரு பேர் வேன் புடிச்சுப் போய் எறங்குனோம், வெள்ளை உடுப்பு, சிவப்புப் பட்டை போட்ட டவாலி அண்ணன் வாசல்லயே நிப்பாட்டிட்டாரு, மூணு பேர்தான் உள்ளன்னுட்டாரு. யார் அந்த மூணு பேருன்னு வராண்டாவுல வச்சு ஒரு சண்டை வந்துச்சு பாருங்க, ஒரு மாமா கோவிச்சுக்கிட்டுப் போயி வேன்ல உக்காந்துட்டாரு, இன்னைக்கு வரைக்கும் நூலகத்துப் பக்கம் எட்டிப் பாக்கல. அதனால "மூன்று பேர் வருகிறோம்"னு லெட்டர்லயே எழுதிருங்க, அந்த மூணு பேர் யாருன்னு ஊர்லயே பேசி முடிச்சிருங்க.

அப்பறம் எத்தனை நிமிசம்னு எழுதுங்க. பத்து நிமிசம்னு நம்பர் போட்டுக் கேட்டா, டைரி வச்சிருக்கவருக்கு ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல சொருகுறது லேசு. "தங்கள் பொன்னான நேரத்தில்"னு எழுதுனா அது எவ்வளவு நேரம்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு, நாங்களா நாமாங்குறது. நான் முதல்ல எழுதுனப்ப "எங்கள் மாவட்டத்தில்"னு எழுதிருந்தேன், எங்க தமிழ் டீச்சர் பாத்துட்டு கேட்டாங்க, ஏன்டி அவங்களுக்கும் இது மாவட்டம்தானே, அவங்களை ஏன் வெளிய நிறுத்துறேன்னு. "நம் மாவட்டத்தில்"னு மாத்துனேன். ஊரு எங்கள் ஊரு, மாவட்டம் நம் மாவட்டம். ஒரே எழுத்து மாதிரித்தான் தெரியும், படிக்குறவங்களுக்கு வித்தியாசம் படும்.

சிரஸ்தார் ஐயா, ஒரு விசயத்துல உங்க கூட ஒத்துப் போக மாட்டேன். ஏரியைப் பத்தி ஒண்ணுமே எழுதலைன்னா எதுக்கு வர்றாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வரியாவது வேணும்ல.

பழைய_சிரஸ்தார்:

சரியாச் சொன்னம்மா. ரெண்டு வரி இருக்கணும், ரெண்டு வரியோட நிக்கணும். நான் ஒண்ணுமே வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு.

ஆயக்கட்டு_அருள்:

லெட்டர் பத்தி பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். அந்த ஏரி யாரோடதுன்னு பார்த்தீங்களா? ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணி பாயற நிலம், 100 ஏக்கருக்கு மேல, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை ஏரி, முன்னாடி பொதுப்பணித்துறைன்னு சொல்லிட்டு இருந்தோமே அது. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றிய ஏரி, வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) கட்டுப்பாடு. இது தெரியாம போய் கலெக்டர் முன்னாடி உட்கார்ந்தீங்கன்னா அவங்க கேக்கற முதல் கேள்வியே "ஒன்றியமா, நீர்வளத்துறையா"ன்னுதான் இருக்கும், நீங்க முழிப்பீங்க, பத்து நிமிஷத்துல மூணு நிமிஷம் அதுலயே போயிடும். எங்க ஊர்ல அப்படித்தான் ஆச்சு, நாங்க நீர்வளத்துறைன்னு நெனச்சு உதவி செயற்பொறியாளர் ஆபீஸுக்கு நாலு மாசம் நடந்தோம், கடைசியில பார்த்தா அது ஒன்றிய ஏரி.

வி.ஏ.ஓ. கிட்ட புல எண் சொல்லிக் கேட்டா பரப்பு எல்லாம் சொல்லிடுவாரு, ஆயக்கட்டு எவ்வளவுன்னு ஒன்றிய ஆபீஸ்ல கேளுங்க. புல எண்ணை லெட்டர்ல போடுங்க, "எங்கள் ஏரி"ன்னு மட்டும் எழுதினா ஒரு வருவாய் கிராமத்துல மூணு ஏரி இருக்கும், எதுன்னு யாருக்குத் தெரியும்.

அப்புறம் கருவேல மரம். அது உங்க ஊர் ஏரியில நின்னாலும் சர்க்கார் மரம், மதிப்பு போட்டு ஏலம் விட்டுத்தான் வெட்டுவாங்க. நீங்களா வெட்டி அடுக்கினா நல்லது பண்ணப் போய் கேஸ் வாங்கிட்டு வரணும். தூர் வாரினா வர்ற வண்டல் மண்ணை விவசாயிங்க எடுத்துக்கறதுக்கு 2024-ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு ஆகிடுச்சு, அதுக்கு கலெக்டர் வரைக்கும் போகத் தேவையில்ல. அதனால கலெக்டர் கிட்ட எதைக் கேக்கப்போறீங்க, தாசில்தார் கிட்ட எதைக் கேக்கப்போறீங்கன்னு பிரிச்சு வச்சுக்கோங்க. எல்லாத்தையும் ஒரே மேசையில கொட்டாதீங்க.

இன்னொரு விஷயம், மனுவுக்கு மூணு நாள்ல ஒப்புகை குடுக்கணும், ஒரு மாசத்துல முடிச்சு பதில் சொல்லணும்னு பணியாளர் சீர்திருத்தத் துறையோட அரசாணையே இருக்கு, 2015-ல வந்த அரசாணை எண் 99. அதைக் குறிப்பிட்டு எழுதுங்க, அப்பத்தான் பயம் வரும்.

பழைய_சிரஸ்தார்:

அருள் தம்பி சொன்ன ஏரி விவரம் எல்லாம் அருமை. அரசாணை விஷயத்துல மட்டும் ஒரு திருத்தம். அரசாணை உண்மைதான், ஆனா அதை இந்த லெட்டர்ல போடாதே. ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு "உள்ள வரலாமா"ன்னு கேக்கும்போதே சட்டத்தைக் காட்டினா எப்படி இருக்கும்? அதே மாதிரிதான் ஆர்.டி.ஐ. போடுவேன்னு எழுதறதும். ஆர்.டி.ஐ. போடணும்னா தனியாப் போடு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி "என் மனு எண் இன்னது, இன்னிய தேதியில எந்த அலுவலர் கிட்ட இருக்கு"ன்னு கேளு, 30 நாள்ல பதில் சொல்லணும். அது ஒரு வழி. இது வேற வழி. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டா ரெண்டும் கெட்டுப் போகும். பழைய மனு எண்ணை மட்டும் "பார்வை"யில போடு. ரெண்டு தடவை குடுத்தும் நடக்கலைன்னு நீ சொல்லவே வேண்டாம், அந்த ரெண்டு தேதியும் தானா சொல்லும்.

ஏரிக்கரை_பொடியன்:

அடேங்கப்பா, ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன், அப்படியே ஒன்றிய ஆபீஸுக்கும் போய்ட்டு வந்தேன், எங்க ஏரிக்கு ஆயக்கட்டு 62 ஏக்கர்தானாம், அப்ப ஒன்றிய ஏரி. அருள் அண்ணே நீங்க சொல்லலைன்னா நாங்க தப்பான ஆபீஸ் பேரை எழுதியிருப்போம்.

நானே ஒண்ணு எழுதிட்டேன், கொஞ்சம் பாருங்க:

"மதிப்பிற்குரிய அம்மையீர், நாங்கள் எங்கள் ஏரியைத் தூர்வார ஒரு திட்டத்துடன் வருகிறோம். நீங்கள் எங்களுக்கு ஒரு பத்து நிமிட சந்திப்பைக் கொடுக்க முடிந்தால் நாங்கள் மிகவும் பாராட்டுவோம். தங்கள் வசதிக்கேற்ப நேரம் ஒதுக்குமாறு தாங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். உங்கள் விரைவான பதிலை எதிர்நோக்குகிறோம்."

படிக்கும்போது எனக்கே ஏதோ இடிக்குது, எங்கன்னு தெரியல.

வைகைக்கரை_வாசுகி:

ஹாஹா தம்பி, இது உங்க ஆபீஸ் மெயிலுக்கு வேட்டி கட்டி விட்ட மாதிரி இருக்கு. "மிகவும் பாராட்டுவோம்"னா என்ன, அவங்க பத்து நிமிசம் குடுத்தா நீங்க கை தட்டுவீங்களா? நம்ம பக்கம் மூத்தவங்க சின்னவங்களைத்தான் பாராட்டுவாங்க. நீங்க சொல்ல வர்றது "நன்றியுடையவர்களாக இருப்போம்". அதைக் கூட எழுதணும்னு இல்ல, கடைசியில "நன்றி"ன்னு ஒரு சொல்லு போதும்.

"சந்திப்பைக் கொடுக்க"வும் வேணாம். நேரம்தான் ஒதுக்குவாங்க.

பழைய_சிரஸ்தார்:

இடிக்கற இடம் நான் சொல்றேன். ரெண்டாவது வாக்கியத்துல "நீங்கள்", அடுத்ததுல "தாங்கள்", கடைசியில "உங்கள்". ஒண்ணு பிடிச்சா ஒண்ணுலயே நில்லு. இந்த மாதிரி லெட்டருக்கு "தாங்கள், தங்கள்"தான், ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும்.

அப்புறம் அந்த "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்". தம்பி, அது மேல இருந்து கீழ வர்ற நடை. "பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்"னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோமே அது. நான் சர்வீஸ்ல இருந்தப்ப தாசில்தாருக்கு "கேட்டுக்கொள்ளப்படுகிறார்"னு போடுவோம், கலெக்டருக்கு அனுப்பறதுன்னா "பணிந்தனுப்பப்படுகிறது"ன்னு போடுவோம். நீ கலெக்டருக்கே நோட்டீஸ் குடுத்துட்ட. "பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்"னு செய்வினையில எழுது, யார் கேக்கறாங்கன்னு தெரியட்டும். பணிவுடன் ஒரு தடவை வந்தாப் போதும். தாழ்மையுடன் வேண்டாம், நீ ஊருக்கு நல்லது பண்ண வர்ற, தாழ்ந்து போக வேண்டிய அவசியம் என்ன?

"விரைவான பதிலை எதிர்நோக்குகிறோம்"ங்கறது அவசரப்படுத்தற மாதிரி ஒலிக்கும். தகவல் எந்த நம்பருக்குச் சொல்லணும்னு எழுதினா அதுலயே எல்லாம் அடங்கிடும்.

சும்மா உக்காந்திருந்தேன், எழுதியே தர்றேன், இதை வச்சு மாத்திக்க:

அனுப்புநர்
(பெயர்), செயலாளர்,
ஏரிப் பாதுகாப்புக் குழு,
(ஊர், ஊராட்சி, ஒன்றியம்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
(மாவட்டம்)

அம்மையீர்,

பொருள்: (ஊர்) ஊராட்சி ஒன்றிய ஏரி – ஊர் மக்கள் செலவில் தூர்வாரும் பணி – தங்களை நேரில் சந்தித்து விளக்க நேரம் கோருதல் – சார்பு.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு எண்கள் (...), நாள் (...), (...).

வணக்கம். நம் மாவட்டத்தில், எங்கள் ஊரில் புல எண் (...) இல் உள்ள ஒன்றிய ஏரியை ஊர் மக்களின் சொந்தச் செலவில் தூர்வார விரும்புகிறோம். இதற்கான பணித் திட்டத்தையும் வரைபடத்தையும் தங்களிடம் நேரில் காட்டி விளக்கப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

குழுவின் சார்பில் மூன்று பேர் வருவோம். தங்கள் பணிகளுக்கு இடையூறில்லாத எந்த நாளிலும் வர இயலும். நாளும் நேரமும் குறித்து (கைபேசி எண்) என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம், நாள்.
இணைப்பு: வரைபடம், ஒரு பக்கம்.

அவ்வளவுதான். அரைப்பக்கம் தாண்டக் கூடாது. முன்னெழுத்தையும் தமிழ்லயே போடு. கையெழுத்தும் தமிழ்ல போட்டா நல்லா இருக்கும், லெட்டரைத் தமிழ்ல எழுதிட்டு கீழ கிறுக்கறது எனக்குப் பிடிக்காது, அது என் குணம்.

ஆயக்கட்டு_அருள்:

ஐயா "எந்த நாளிலும் வர இயலும்"னு போட்டுட்டா பசங்க வெளியூர்ல இருக்காங்களே, காலையில போன் பண்ணி மதியம் வாங்கன்னு சொன்னா?

பழைய_சிரஸ்தார்:

அப்படித்தான் சொல்வாங்க, பழகிக்கணும். கலெக்டர் டைரி கலெக்டர் கையிலயே இருக்காது, அமைச்சர் வர்றாருன்னா, வீடியோ கான்ஃபரன்ஸ்னா, எங்கயாவது விபத்துன்னா எல்லாம் தள்ளிப் போகும். "செவ்வாய் அல்லது வியாழன் மாலை வசதி"ன்னு நம்ம பக்கத்துல இருந்து நாள் குறிக்கறது நண்பனுக்கு எழுதறப்ப சரி, இங்க வேண்டாம். ஊர்லயே இருக்கற ரெண்டு பேரை அந்த மூணுல போட்டுக்கோங்க, பிரச்சினை தீர்ந்துச்சு. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துட்டா திங்கக்கிழமை கூட்டமே கிடையாது, அந்த நேரத்துல டைம் கேட்டு எழுதறது வீண், காலண்டரைப் பார்த்துக்க.

குடுத்துட்டு பத்து நாள் பொறு. அப்புறம் போன் பண்ணலாம், தினமும் பண்ணாதே. போன் எடுக்கறவர் பேரைக் கேட்டு வச்சுக்க. "சார், இன்ன தேதியில லெட்டர் குடுத்தோம், நிலவரம் தெரிஞ்சுக்கலாமா"ன்னு ஒரு வரி. அவரும் உன்னை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான்.

வைகைக்கரை_வாசுகி:

எனக்குப் போன் வந்தப்ப நான் பிள்ளைகளுக்குப் பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன், தெரியாத நம்பர்னு கட் பண்ணிட்டேன் தெரியுமா. ரெண்டாவது தடவ நல்ல வேளை எடுத்தேன். லெட்டர்ல குடுக்குற நம்பர் எடுக்குற ஆள் நம்பரா இருக்கட்டும் தம்பி.

ஏரிக்கரை_பொடியன்:

அப்டேட். லெட்டர் குடுத்து முத்திரை வாங்கிட்டோம். பி.ஏ.ஜி. சார் வாங்கிப் படிச்சாரு, முழுசாப் படிச்சாரு, அரைப்பக்கம்தானே. "மூணு பேர்தானே?"ன்னு மட்டும் கேட்டாரு. வாசுகி அக்கா உங்களைத்தான் நெனச்சேன்.

பதிமூணாவது நாள் போன் வந்துச்சு, வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. போற மூணு பேர் நான், வார்டு மெம்பர் அக்கா, அப்புறம் பெரியப்பா. அவரை விட்டுட்டுப் போனா ஊர்ல வாழ முடியாது. மறியல் வரியை எடுத்ததுக்கு ரெண்டு நாள் என்கிட்ட பேசல, போன் வந்ததும் "நான் சொன்ன மாதிரி எழுதினதாலதான்டா கூப்பிட்டாங்க"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்காரு. இருக்கட்டும்.

கடைசியா ஒரே ஒரு டவுட்டு. சால்வை, பழத்தட்டு எல்லாம் வாங்கிட்டுப் போகணுமா? வெறுங்கையோட போனா மரியாதை இல்லைங்கறாரு.

பழைய_சிரஸ்தார்:

வேண்டாம். பெரியப்பா மனசு கேக்கலைன்னா ஒரு எலுமிச்சம்பழம் குடுக்கட்டும், இல்லைன்னா ஒரு புத்தகம். அந்தக் காசுக்கு வரைபடத்தைக் கலர்ல ரெண்டு பிரதி எடுத்துக்க, ஒண்ணு அவங்க மேசையில இருக்கணும், ஒண்ணு பி.டி.ஓ. கிட்ட குடுக்க. போனை சைலண்ட்ல போடு, நாலு மணிக்கே போய் உட்கார்.

ஆயக்கட்டு_அருள்:

ஆயக்கட்டு 62 ஏக்கர், ஒன்றியம், புல எண். இந்த மூணும் வாயில வரணும், பேப்பரைப் பார்த்து சொல்லக் கூடாது.

ஏரிக்கரை_பொடியன்:

சரிங்க அண்ணே, மனப்பாடம் பண்ணிட்டேன். பெரியப்பா காலையிலேயே டவுனுக்குப் போயிட்டாராம் சால்வை வாங்க, போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு.